தலைமுழுக்கு

குளியல் கூடத்து வாசலில், ஷூவை வைத்துப் பூட்டுகிற சின்னப் பெட்டிக்குச் சாவி என்று ஒரு மரக்கட்டையை எடுத்துக் கையில் கொடுத்தான் மகன். அதற்கே கனகசபாபதிக்குக் கோபம் வந்தது. ஒசாகாவுக்கு வந்த ஐந்து நாளாக அவருக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது. குளிருக்கு, ரயிலில் ஒருத்தரும் வாயைத் திறக்காததற்கு, நாலு அடி வைத்தால் முடிந்துபோகிற மகனின் வீட்டுக்கு, அந்த வீட்டில் வெந்நீர் வருகிற மெஷின் வெள்ளிக்கிழமையிலிருந்து செத்துக் கிடப்பதற்கு. கரூர் பஸ் பணிமனையில் முப்பத்து மூன்று வருஷம், அதில் கடைசிப் பதினோரு வருஷம் ஃபோர்மேன். எந்த வண்டியையும் அவர் மூன்று நாள் குழியில் நிற்க விட்டதில்லை. ஒரு ஸ்பேனர் குடு, நான் பாக்கறேன் என்றதற்கு, 'இங்க நாமளே கை வெக்கக் கூடாதுங்கப்பா, திங்கக்கெழமை ஆளு வருவாங்க' என்றான். கூடாதாம். இவன் சொல்லுகிற ஒவ்வொன்றும் இங்கே கூடாது என்றுதான் முடிகிறது. மனைவி துளசிமணிதான் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சோறு தின்ற கையோடு ஆரம்பித்தாள், தெருமுனையில் பொதுக் குளியல் கூடம் இருக்குதாமே, மூணு பேரும் போய்த் தண்ணி வாத்துக்கிட்டு வரலாமே என்று. மகன் வேண்டாம் என்றான். டவுனுக்குள் போனால் ஹோட்டலில் ரூம் எடுத்துத் தனியாகக் குளிக்கலாம் என்றான். அவள் கேட்கவில்லை. அவள் பிடிவாதம் பிடிப்பது அபூர்வம், முப்பத்தாறு வருஷத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்போது பார்த்தால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பெண்கள் பக்கத்துச் சிவப்புத் திரையை விலக்கி, பிறந்த ஊரில் இருக்கிற மாதிரி உள்ளே போகிறாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நீலத் திரைக்கு உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கிழவி. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் உயரமான மேடை போட்டு உட்கார்ந்து, கண்டக்டர் மாதிரி காசு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலையைத் திருப்பினால் இந்தப் பக்கம் அத்தனை பேரையும் பார்க்கலாம். அத்தனை பேரும் அம்மணமாக நிற்கிறார்கள். எண்பது வயது ஆள் ஒருத்தர் ஒட்டுத் துணி இல்லாமல் எடை பார்க்கிற மெஷினில் ஏறி நின்று முள்ளைக் குனிந்து பார்க்கிறார். 'முகுந்தா, ஜட்டியக் கழட்ட மாட்டேன்' என்றார் கனகசபாபதி. 'அதோட உள்ள விட மாட்டாங்கப்பா' என்றான் அவன், சுவரைப் பார்த்துக்கொண்டு. அவனும் அவரைப் பார்க்கவில்லை, அவரும் அவனைப் பார்க்கவில்லை, இரண்டு பேரும் இரண்டு மூலைக்குத் திரும்பி நின்று அவிழ்த்தார்கள். பணிமனைத் தொட்டியில் நாற்பது பேர் சேர்ந்து குளித்தவர்தான் அவர், டீசலும் கிரீஸுமாக வந்து வரிசையாக நின்று மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டவர்தான். ஆனால் இடுப்பில் துண்டு இருக்கும். துண்டு இருந்தால்தான் ஃபோர்மேன். அது இல்லாவிட்டால் தொங்கிப்போன வயிறும் நரைத்த மயிருமாக யாரோ ஒரு கிழவன். அறுபத்து மூன்று வயதில் என்னை இந்தக் கோலத்தில் நிறுத்தினவன் யார்? இவன். என்றைக்கும் இவன்தான். நாலு பேருக்கு முன்னால் என்னைத் துணியில்லாமல் நிறுத்துவது இவனுக்கு இது இரண்டாவது தடவை.

முதல் தடவை மகள் கௌசல்யா கல்யாணம். அதை நினைக்கக் கூடாது என்றுதான் ஏர்போர்ட்டிலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார். மருமகன் டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான், மகள் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள், அதற்காக வந்தார். வந்துவிட்டால் மறந்துவிட்டதாக அர்த்தமா? கண்ணாடிக் கதவைத் தள்ளினால் ஆவி முகத்தில் அடித்தது. முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு குழாய், ஒரு கண்ணாடி. உட்கார்ந்தால் முட்டி காதைத் தொடுகிறது. கண்ணாடிக்குள் ஒரு ஆள் அவரை முறைத்தான். மகன் இரண்டு இடம் தள்ளிப் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன, கடித்துவிடுவேனா? மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மேடைக்குக் கூட்டிவர வேண்டியது பெண்ணோடு பிறந்தவன். பிறந்தவன் எங்கே என்று மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார். லீவு கிடைக்கலீங்க என்று சொல்ல வேண்டியிருந்தது. ஜப்பான்காரன் தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட லீவு தரமாட்டானா சம்பந்தி, என்று சிரித்தார் அந்த ஆள், பாக்கை மென்றுகொண்டே. அந்தச் சிரிப்பு. இரண்டு வருஷம் ஒன்பது மாசம் ஆகிவிட்டது, இன்றைக்கும் பாக்கு வாசனை வந்தால் அந்தச் சிரிப்பு வந்துவிடுகிறது. அண்ணன் மகனைப் பிடித்து மாலையைக் கொடுத்து அனுப்பினார்கள். முதல் நாள் ராத்திரி வரைக்கும் வந்துவிடுவான் என்று மண்டபத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான், வேறு யாருமில்லை. துளசிமணி பார்க்கவில்லை. அவள் பாட்டுக்குத் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே நினைத்தார், இவளுக்கு எப்படி மனசு இப்படிக் கல்லாக இருக்கிறது என்று. தண்ணீர் சூடாக விழுந்தது. சோப்பு வழுக்கிக் காலடியில் ஓடியது. அதை எடுக்கக் குனிந்தபோது மகன் பக்கம் பார்வை போனது. மற்றவர்களெல்லாம் சின்னத் துண்டைத் தலையில் மடித்து வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். இவன் மட்டும் உட்கார்ந்திருக்கும்போதும் துண்டை வயிற்றோடு அழுத்திப் பிடித்திருக்கிறான், ஒரு கையாலேயே சோப்புப் போடுகிறான். வெட்கமாம். அப்பனை அம்மணமாக்கிக் கூட்டிவந்துவிட்டு இவனுக்கு வெட்கமாம்.

சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது. சுவர் கூரை வரைக்கும் போகவில்லை, ஒன்றரை ஆள் உயரத்தோடு நின்றுவிட்டது. மேலே திறந்திருந்தது. ஆவியும் பேச்சும் ஒரே கூரைக்கடியில் கலந்தன. துளசிமணியின் சிரிப்பு தனியாகக் கேட்டது. யாரோடு சிரிக்கிறாள், என்ன பாஷையில் சிரிக்கிறாள்? 'அந்த ஓரத்துத் தொட்டிக்குப் போயிராதீங்கப்பா, தண்ணில லேசாக் கரண்ட் விட்டிருப்பாங்க, மூட்டு வலிக்காக' என்றான் மகன். தண்ணீரில் கரண்ட். வேண்டுமென்றே. இப்படிப்பட்ட ஊரில்தான் இவன் பத்து வருஷமாக இருக்கிறான், இங்கேயே இருந்துவிடப் போகிறேன் என்கிறான். பெரிய தொட்டியில் கால் வைத்தார். சுட்டது. சுடுகிறது என்று சொல்லக் கூடாது என்று தோன்றியது, இவன் முன்னால் சொல்லவே கூடாது. தொடை வரை இறக்கினார், இடுப்பு, மார்பு. தோலெல்லாம் ஊசி குத்தின மாதிரி இருந்து, பிறகு உள்ளே எங்கேயோ ஒரு போல்ட் இளகினது. இளகினதற்கும் கோபம் வந்தது. உடம்புக்கு ரோஷம் கிடையாது, வெந்நீரைக் கண்டால் போதும், யார் வீட்டு வெந்நீர் என்று கேட்காது. மகன் இறங்காமல் தொட்டி விளிம்பில் நின்றான். பிறகு துண்டோடு இறங்கப் பார்த்தான். தொட்டிக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா, தோளிலிருந்து முதுகு முழுக்க மீனும் அலையுமாகப் பச்சை குத்தினவர், மெதுவாக ஏதோ சொல்லித் தன் தலைமேல் இருந்த துண்டைத் தொட்டுக் காட்டினார். துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது போலிருக்கிறது. பார், உனக்கும் ஒரு கூடாது, என்று கனகசபாபதிக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மகன் அவரைப் பார்த்தான். ஐந்து நாளில் முதல் தடவையாக நேராகப் பார்த்தான். துண்டை எடுத்தான்.

மார்புக்கூட்டுக்குக் கீழே ஆரம்பித்துத் தொப்புளைச் சுற்றி வளைந்து அடிவயிறு வரைக்கும் போனது அது. விரல் தடிமன். இரண்டு பக்கமும் படி படியாகத் தையல் போட்ட புள்ளிகள். இடது பக்கம் தனியாக ஒரு பள்ளம், எட்டணாக் காசு அளவு, சுருங்கிப்போய். ஒரு இடத்தை வெட்டித் திறந்து, உள்ளே ரிப்பேர் பார்த்து, மறுபடி ஒட்டினால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், இரும்பில் தெரியும். இது சின்ன வேலை இல்லை. அவசரத்தில் செய்த வேலை. நேரம் இல்லாதவன் பிளந்திருக்கிறான். ஆறு வயதில் இந்த வயிற்றில் எண்ணெய் தேய்த்திருக்கிறார், கூச்சத்தில் நெளிவான், தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் இருக்கும். மச்சத்தைத் தேடினார். காணவில்லை. மச்சம் இருந்த வழியாகத்தான் கத்தி போயிருக்கிறது.

'என்றா இது?'

'ஆபரேசனுங்க.' அவன் தண்ணீருக்குள் இறங்கிக் கழுத்து வரை மூழ்கிக்கொண்டான்.

'ஆபரேசன்னு தெரியுதுடா. என்ன ஆபரேசன்?'

'குடல்ல ஓட்டை விழுந்துருச்சுங்க. ஸ்டேஷன்ல மயங்கி விழுந்துட்டேன். அப்பறம் ஏழு மாசம் வெளிக்குப் போக வயித்துல பை வெச்சிருந்தாங்க. இப்ப ஒண்ணுமில்லீங்கப்பா, நல்லாயிருச்சு.'

'எப்ப?'

அவன் தாடை வரைக்கும் இன்னும் இறங்கினான். தண்ணீர் ததும்பி விளிம்பைத் தாண்டி வழிந்தது.

'எப்படா?'

'வைகாசியிலீங்க. கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கறப்ப.'

ஆறு நாள். அவர் கணக்குப் போட்டார், போடாமல் இருக்க முடியவில்லை. ஆறு நாளைக்கு முன்னால் என்றால் பந்தக்கால் நட்ட அன்றைக்கு. அன்றைக்கு ராத்திரிதான் துளசிமணி போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள், சிக்னல் இல்லை என்றாள், இறங்கி வந்து, முகுந்தனுக்கு லீவு இல்லையாம் என்று ஒரே வரியில் சொன்னாள். முகம் கழுவியிருந்தாள். அந்நேரத்துக்கு எதற்கு முகம் கழுவினாள் என்று அவர் கேட்கவில்லை. கத்திக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கத்த ஆரம்பித்தவர் கல்யாணத்தன்றைக்குச் சாயங்காலம், பந்தி முடிந்து, மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலை கொட்டுகிற இடத்தில் நின்று, போனை வாய்க்கு நேராகப் பிடித்து, வாட்ஸப்பில் பேசி அனுப்பினார். என்ன பேசினோம் என்பது வார்த்தை வார்த்தையாக இல்லை, ஆனால் சாரம் இருக்கிறது, மறக்கிற சாரமா அது? நான் செத்தாலும் வராதே. உன்னை இன்னிக்கோட தலைமுழுகிட்டேன். நீ போயிட்டேன்னு நெனச்சுக்கறேன். அதற்கப்புறம் அந்த நம்பரையே மாற்றிவிட்டார், வீம்புக்கு. நீ போயிட்டேன்னு நெனச்சுக்கறேன் என்று இங்கே சொன்ன நேரத்தில் அங்கே அவன் எங்கே கிடந்தான்? ஊருக்குத் தெரியாது, அப்பனுக்குத் தெரியாது, வயிறு திறந்து கிடந்தான். யாரைக் கேட்டு மறைத்தார்கள்? என் மகன் வயிறு. என் வீட்டுக்குள் இரண்டு வருஷம் ஒன்பது மாசம் எனக்கு எதிரில் உட்கார்ந்து சோறு போட்டவள், என்னோடு டிவி பார்த்தவள்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். தண்ணீர் மார்பிலிருந்து, வயிற்றிலிருந்து வடிந்தது. துண்டு எங்கே என்று தேடவில்லை.

'துளசி' என்று கத்தினார் சுவரைப் பார்த்து.

அத்தனை குழாயும் ஒரே நேரத்தில் நின்ற மாதிரி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. ஒரு வாளியைத் தரையில் வைக்கிற சத்தம். பிறகு அவள் குரல், கூரையில் பட்டு, அவசரமே இல்லாமல் வந்தது.

'பாத்துட்டீங்களா?'

அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு எல்லாம் விளங்கியது. மத்தியானம் பிடித்த பிடிவாதமும், திரும்பிப் பார்க்காமல் போனதும். 'எத்தனை நாள்டி மறைச்சே?' என்றார். 'எம் பையன் சாகக் கெடந்திருக்கான், எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலையா உனக்கு?'

'தெனமும் தோணுச்சு. காப்பி கொண்டாந்து வெக்கறப்ப எல்லாம் தோணும். நீங்க அவன் பேரை எடுத்தாலே டம்ளரைத் தள்ளி வெப்பீங்க.'

'சொல்லியிருந்தா நான் வந்திருப்பனே.'

'பாஸ்போர்ட் ஏதுங்க?'

பாஸ்போர்ட் எடுத்ததே இந்தப் பயணத்துக்குத்தான், ஐந்து மாசத்துக்கு முன்னால். 'எடுத்திருப்பேன்' என்றார். குரல் அவருக்கே சின்னதாகக் கேட்டது.

'கல்யாணத்த நிறுத்தியிருப்பீங்க. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கத்தியிருப்பீங்க. தகவல் சொன்ன அவன் கூட்டாளிகிட்டக் கத்தியிருப்பீங்க. பொழைப்பானா மாட்டானான்னு தெரியாம ஒம்பது நாளுங்க. அந்த ஒம்பது நாளும் கௌசிக்குப் பட்டெடுத்து, சம்பந்திக்குச் சிரிச்சு, அதுக்கு மேல உங்களையும் சமாதானம் பண்ண எனக்குத் தெம்பு இல்லீங்க. ஆபரேசனுக்குக் கொண்டு போறதுக்கு முன்னால, அம்மா, அப்பாகிட்டச் சொல்லாதேன்னு அவன்தான் மொதல்ல சொன்னான். அதையும் கேட்டுக்கங்க.' வாளியில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம். 'இப்பவும் பாருங்க, எந்திரிச்சு நின்னுதான் கத்தறீங்க. உக்காருங்க, எல்லாரும் பாப்பாங்க.'

பச்சை குத்தின தாத்தா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். குழாய்க்கு முன்னால் இருந்தவர்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் திரும்பவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. யாராவது ஒருத்தன் ஏய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். உட்கார்ந்தார். சரி, சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? நியாயமாகவே யோசித்துப் பார்த்தார். மாடியிலிருந்து அவள் இறங்கி வருகிறாள், சொல்கிறாள். நான் கத்துகிறேன், கண்டதைத் தின்றிருப்பான் என்கிறேன். அதை வேண்டாம் என்று தள்ளி இன்னொரு மாதிரி யோசித்தார். மண்டபத்தில் சொல்கிறாள். நான் கத்துகிறேன். மகளிடம் சொல்லி அனுப்புகிறாள், என் அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்கிறாள், எப்படிச் சொன்னாலும் அங்கே ஒரு ஆள் கையை ஆட்டிக் கத்திக்கொண்டே நிற்கிறான், அவனைத் தாண்டி அவருக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் போகவே முடியவில்லை. காதுக்குள் ரத்தம் அடித்தது. தண்ணீர் சுட்டது. மகன் கையை நீட்டி, 'ரொம்ப நேரம் இருந்தாத் தலை சுத்துங்கப்பா, எந்திரிங்க' என்றான்.

'அந்த மெசேஜைக் கேட்டியா?' என்றார்.

அவனுக்கு எந்த மெசேஜ் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. 'கேட்டனுங்க.'

'எப்ப?'

'அஞ்சு நாள் கழிச்சு. ஐசியூவுலிருந்து மாத்தினப்பறம் நர்ஸ் போனைக் குடுத்தாங்க.'

'முழுசாவா?'

'முழுசாத்தானுங்க.'

'போன் எங்க?'

லாக்கரில் என்றான். அவர் எழுந்தார், தொட்டியை விட்டு ஏறினார், கால் தடுமாறியது, நீட்டின கையைத் தட்டிவிட்டு நடந்தார். துணி மாற்றுகிற இடத்தில் அவன் போனை எடுத்ததும் மேடையிலிருந்த கிழவி இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினாள். 'இங்க போன் எடுக்கக் கூடாதுங்கப்பா.' இந்தத் தடவை கோபம் வரவில்லை, அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஈரத்தோடு பேண்ட்டையும் பனியனையும் இழுத்து மாட்டி, கோட்டை மேலே போட்டு, சாக்ஸ் போடாமல் ஷூவில் காலை விட்டு வெளியே வந்தார். வெயில் இருந்தது, ஆனால் சூடு இல்லாத வெயில். தலையிலிருந்து ஆவி பறந்தது. ஒரு பொம்பளை சைக்கிளில் கீரைக்கட்டு வைத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே வந்த முகுந்தன் போனைத் தடவி எடுத்து நீட்டினான். அவருடைய பழைய நம்பர். மேலும் கீழும் வேறு ஒன்றுமில்லை, அந்த ஒரே ஒரு குரல் பதிவு. இரண்டு நிமிஷம் பதினோரு செகண்ட்.

'இத எதுக்குடா இன்னும் வெச்சிருக்கே?'

'அழிக்கலாம்னு நெனப்பனுங்க. உங்க பேச்சு வேற ஒண்ணும் எங்கிட்ட இல்லீங்க.'

அவர் அழுத்தினார். முதலில் மண்டபத்து ஸ்பீக்கர் பாட்டு, பாத்திரம் கழுவுகிற சத்தம், பிறகு அந்தக் கத்துகிற ஆள். மூச்சு வாங்குகிறான். குடித்தவன் மாதிரி இருக்கிறது, குடிக்கவில்லை. டேய் என்கிறான். சம்பந்தி சிரித்ததைச் சொல்கிறான், மாலையைச் சொல்கிறான், படிக்க வைத்ததைச் சொல்கிறான், வங்கிக் கடனைச் சொல்கிறான், ஒரு இடத்தில்கூட ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அதை அவர் கவனித்தார். இரண்டு நிமிஷம் பதினோரு செகண்டில் ஒரு கேள்விகூட இல்லை. நல்லா இருக்கியா என்றுகூட வேண்டாம், ஏண்டா வரலே என்றாவது கேட்டிருக்கலாம். அந்த ஆள் கேட்கமாட்டான். தலைமுழுகிட்டேன் என்கிறான், நீ போயிட்டேன்னு நெனச்சுக்கறேன் என்கிறான், எங்கோ ஒரு குழந்தை சிரிக்கிறது, நின்றுவிடுகிறது. கனகசபாபதிக்கு இத்தனை வருஷத்தில் வராத கோபம் வந்தது. பணிமனையில் இப்படிப் பேசுகிற ஆளாக இருந்தால் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார். சட்டை எதுவும் கையில் சிக்கவில்லை. போன்தான் இருந்தது.

'இத எனக்கு அனுப்பு' என்றார்.

'எதுக்குங்கப்பா?'

'அனுப்புடா. அது எங்கிட்ட இருக்கட்டும். அனுப்பிப்போட்டு உங்கிட்ட இருக்கறத அழிச்சிரு.'

முகுந்தன் அவரைப் பார்த்தான். விரலை நகர்த்தினான். கோட்டுப் பைக்குள் அவர் போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. சிவப்புத் திரையை விலக்கிக்கொண்டு துளசிமணி வந்தாள், முகமெல்லாம் சிவந்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றி. இரண்டு பேரையும் பார்த்து அங்கேயே நின்றுகொண்டாள்.

'அழிச்சாச்சா?' என்றார் அவர்.

'ஆச்சுங்கப்பா.'

'காட்டு' என்றார் கனகசபாபதி. கண்ணாடி போடாமல் எழுத்துத் தெரியவில்லை. மகனின் போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, ஒன்றும் இல்லாத அந்த இடத்தை, நிஜமாகவே ஒன்றும் இல்லையா என்று வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.